அரசர் மேல் விழவேண்டிய மழை

ஆல்டர்கோம் பிரபுக்களின் குடும்பத்தில் முதுமையால் செத்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நனைந்துதான் செத்தார்கள். பதினான்காம் பிரபுவான ஹ்யூபர்ட்டுக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. குடும்பத்தில் இந்த வயதை எட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்பதால், அரண்மனை அலுவலகத்தில் இவர்மேல் ஒரு சின்னச் சந்தேகம்கூட இருந்தது. மனுஷன் ஒழுங்காக நனைகிறாரா, இல்லை ஏய்க்கிறாரா என்று.

விஷயம் இதுதான். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அரசர் வேல்ஸ் எல்லையில் ஆற்றைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூடப் போன முதலாம் ஆல்டர்கோம் தன் தொப்பியைக் கழற்றி அரசர் தலையில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு நின்றான். நல்ல மனசோ, காக்காய் பிடிக்கும் புத்தியோ, யார் கண்டது. அரசர் மனம் குளிர்ந்துபோய், "இனிமேல் என் மழை உன் மழை. உனக்கு மட்டுமல்ல, உன் வம்சத்துக்கே" என்று வரம் கொடுத்துவிட்டார். வரத்தோடு மூன்று கிராமமும் கொடுத்தார். கிராமங்கள் கைமாறிப் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. மழை மட்டும் இன்னும் அவர்கள் வசமே இருக்கிறது.

ஒவ்வொரு நவம்பரிலும் புனித கிளெமென்ட் திருநாளன்று அரசர் அரண்மனையிலிருந்து தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போவார். கண்ணாடி மூடிய கோச்சு வண்டி. காலுக்கடியில் வெந்நீர்ப் பை. அவர்மேல் ஒரு சொட்டு விழாது. அப்படி விழாமல் போகிற சொட்டுகளையெல்லாம் தேவாலய வாசலில் ஒரு மணி நேரம் வெறுந்தலையோடு நின்று ஆல்டர்கோம் பிரபு வாங்கிக்கொள்ள வேண்டும். பதவிக்குப் பெயர் பரம்பரை மழைதாங்கி.

மழை பெய்யாத வருஷம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்கள் அதையும் யோசித்துவைத்திருக்கிறார்கள். தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை மூன்று தோல் வாளிகளில் கொண்டுவந்து பிரபுவின் தலையில் ஊற்றுவார்கள். நவம்பர் மாதத் தேம்ஸ்! ஹ்யூபர்ட்டின் மனைவி உயிரோடு இருந்தபோது, தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஊற்றக்கூடாதா என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். வெதுவெதுப்பான மழை பெய்ததாக எந்த ஏட்டிலும் குறிப்பில்லை என்று பதில் வந்தது.

ஹ்யூபர்ட்டின் தாத்தா நாற்பத்தாறில் போனார். அப்பா ஐம்பத்தொன்றில். இரண்டு பேருக்கும் நிமோனியா. இருபத்து மூன்று வயதில் பதவிக்கு வந்த ஹ்யூபர்ட், அப்பாவைப் புதைத்த வாரமே ஒரு முடிவுக்கு வந்தார். தான் நனைந்தாக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் இது தன்னோடு போகட்டும். பதவி ஆண் வாரிசுக்குத்தான் போகும். அவருக்குப் பிறந்ததோ ஒரே மகள். பிரசவ அறைக்கு வெளியே நர்சு வந்து, "பொண்ணுங்க ஐயா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் தனியாக ஒரு மூலைக்குப் போய் ஆனந்தத்தில் அழுதார். பார்த்தவர்கள் எல்லாம் பாவம் என்றார்கள்.

அந்த மகள் வினிஃப்ரெட்டுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். நாலு வயதிலிருந்தே ஆஸ்துமா. மழைக்காலம் வந்தால் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படிகூட ஏற மாட்டாள். அவள் இருமும்போதெல்லாம் ஹ்யூபர்ட், "நல்லவேளை, பெண்ணாகப் பிறந்தாள்" என்று மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொள்வார்.

இப்படியே இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஐம்பது வருஷம் நனைந்ததற்காக அலுவலகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதவேண்டுமே. அந்த வர்க்கத்தில் பதில் எழுத ஒரு முறை இருக்கிறது. கழுநீர் மாதிரித் தேநீர் கொடுத்தாலும் இன்னொரு கோப்பை கேட்கவேண்டும். காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். தண்டனையைக் கொடுத்து வாழ்த்தினால், அது சீக்கிரம் முடிகிறதே என்று வருத்தப்பட வேண்டும். ஹ்யூபர்ட்டும் முறைப்படி எழுதினார்: 'இந்தப் பெருமையைத் தொடர எனக்கு ஒரு மகன் இல்லையே என்பது ஒன்றே என் தீராத வருத்தம்.'

வினிஃப்ரெட் கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"என்னப்பா இது? நெஜமாவே உங்களுக்கு வருத்தமா?"

"சேச்சே, இல்லம்மா. வருத்தம்னு எழுதணும். அதுதான் மரியாதை."

"இல்லாத வருத்தத்த எதுக்கு எழுதணும்?"

"பின்ன சந்தோஷம்னா எழுத முடியும்? நல்லாவா இருக்கும்?"

முப்பது வருஷமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற திருமதி பாப்ஜாய் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எதுவுமே எழுதாம இருந்துட்டா இன்னும் நல்லா இருக்குங்கய்யா."

ஹ்யூபர்ட் கேட்கவில்லை. தபாலில் போட்டுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்திக் கெட்டது. இவர் மரியாதையாக எழுதிக் கெட்டார்.

இரண்டு மாதத்தில் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அரண்மனையின் முன்னுதாரண அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. எதையாவது புதிதாகச் செய்யவேண்டும் என்றால், அதை ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, இல்லையென்று சொல்வது அவர்கள் வேலை. தலைவர் சர் லயனல் கோதர்ட். மென்மையான குரல், வெல்வெட் கோட்டு. சுற்றிப் பதினோரு பேர். ஹ்யூபர்ட் உட்கார்ந்ததும் சர் லயனல் எழுந்து நின்றார்.

"பிரபு, உங்க கடிதத்தப் படிச்சுட்டு இங்க பன்னெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. ஒரு மனுஷன் அம்பது வருஷம் நனைஞ்சுட்டு, ஐயோ என்னோட முடிஞ்சிடுதேன்னு அழறாரு. நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா? காலம் மாறிப்போச்சு. பொண்ணுங்க தீர்ப்பு சொல்றாங்க, போர்க்கப்பல் ஓட்டறாங்க. நிமோனியா மட்டும் ஆம்பளைங்களுக்கே சொந்தம்னு இந்தக் காலத்துல யார் சொல்ல முடியும்? அதனால மழைதாங்கி பதவி இனிமே பெண் வாரிசுக்கும் உண்டுன்னு அரசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டோம். இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதுதான் முதல் சீர்திருத்தம். உங்க வீட்டுலேர்ந்து தொடங்கறோம்."

பதினோரு பேரும் மேஜையைத் தட்டினார்கள். வேண்டாம் என்ற சொல் ஹ்யூபர்ட்டின் தொண்டை வரை வந்தது. எழுபது வருஷப் பழக்கம் அதைத் தொண்டையிலேயே மறித்து நிறுத்தியது.

"ரொம்ப நன்றி," என்றார். "கொஞ்சம் எதிர்பாராததா இருக்கு. இது அவ்வளவு அவசியந்தானான்னு, உங்களுக்குச் சிரமமில்லன்னா, ஒருதடவ யோசிச்சுப் பாக்கலாமோன்னு..."

அவர் பிறந்த குலத்தில் இது நாற்காலியைத் தூக்கி அடிப்பதற்குச் சமம். செயலாளர் குறிப்பேட்டில், 'பிரபு தமக்கே உரிய அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்.

"வேண்டாம்னு சொன்னீங்களா?" என்றாள் வினிஃப்ரெட்.

"ஏறக்குறைய."

"அது என்ன ஏறக்குறைய?"

"யோசிக்கலாமோன்னு சொன்னேன்."

"அப்பா! உங்கள என்ன பண்றது நான்? மூச்சு முட்டற பொண்ண மழையில நிக்கவைக்கறேங்கறான். தேங்க்ஸ் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் கையாலேயே மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். சாப்பிடவில்லை. ஆட்டுக்கறி ஸ்டூ ஆறிப்போய் ஏடு கட்டியது. திருமதி பாப்ஜாய் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் அப்பனும் மகளும் சேர்ந்து லண்டன் போனார்கள். வினிஃப்ரெட் பிள்ளைகளை அதட்டிப் பழகியவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நான் இத ஏத்துக்க மாட்டேன்," என்றாள்.

"புரியுதும்மா," என்றார் சர் லயனல்.

"முடியாதுன்னு சொல்றேன்."

"நல்லாப் புரியுது. உங்க கொள்ளுத்தாத்தாவும் இதே நாற்காலியில உக்காந்து இதே வார்த்தையத்தான் சொன்னாரு. அருமையான முன்னுதாரணம். அப்புறம் பதினேழு வருஷம் நனைஞ்சாரு."

"ராஜினாமா பண்றேன்."

"ரத்தத்த எப்படிம்மா ராஜினாமா பண்ணுவீங்க?"

"எனக்கு ஆஸ்துமா சார். மழையில நின்னா செத்துப்போவேன்."

சர் லயனலுக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. "அடடா, அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அலுவலக மருத்துவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மருத்துவர் வினிஃப்ரெட்டின் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். ஹ்யூபர்ட்டுக்கு நம்பிக்கை வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழை சர் லயனல் சத்தமாக வாசித்தார்: 'முந்தைய மழைதாங்கிகள் பதின்மூவரில் பதினொருவருக்கு நுரையீரல் கோளாறு இருந்திருக்கிறது. இவருக்கும் இருக்கிறது. மரபுக்கு மிகவும் பொருத்தமானவர்.'

"வாழ்த்துகள்மா," என்றார் சர் லயனல்.

இன்னொரு விதியும் இருந்தது. வாரிசு அறிவிக்கப்பட்ட முதல் வருஷம், பதவியாளரோடு வாரிசும் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். வாரிசு வராவிட்டால் அந்தப் பங்கையும் பதவியாளரே நிற்கவேண்டும். அதாவது ஹ்யூபர்ட்டுக்கு இரண்டு மணி நேரம்.

ரயிலில் வரும்போது வினிஃப்ரெட் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் வர்றேம்ப்பா."

"வராதே. நான் நின்னுக்கறேன்."

"இந்த வயசுல ரெண்டு மணி நேரம் நின்னா உயிரோட திரும்புவீங்களா?"

"நீ ஒரு மணி நேரம் நின்னா திரும்புவியா?"

எதிர் இருக்கையில் இருந்தவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றவர் துக்கத்தைக் கேட்பது அங்கே அநாகரிகம்.

புனித கிளெமென்ட் நாள் விடிந்தபோதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மழையோடு பனித்துகளும் சேர்ந்துகொண்டது. தோல் வாளிகள் தேவைப்படவில்லை. தேவாலய வாசலில் அலுவலகத்தார் வரிசையாகக் குடையோடு நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து, இரண்டு பேரிடமும் ஒரு படிவத்தை நீட்டினார். 'தண்ணீர் நனைக்கக்கூடியது என்பது எனக்கு விளக்கப்பட்டது' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு முடியும்வரை படிவத்துக்குக் குடை பிடித்தார்கள். முடிந்ததும் குடையும் படிவமும் சேர்ந்து உள்ளே போயின.

மழைதாங்கியின் இரண்டு கையும் வெறுமையாக, மேல்நோக்கி விரிந்திருக்கவேண்டும் என்பது விதி. வினிஃப்ரெட் கையில் இருந்த இன்ஹேலரை சர் லயனலே மரியாதையாக வாங்கி, ஒரு வெல்வெட் திண்டின்மேல் வைத்து, நாலடி தள்ளி ஏந்திக்கொண்டு நின்றார்.

கால் மணி நேரம் போனது. வினிஃப்ரெட்டின் உதடு நீலம் பாரித்தது. இருபது நிமிஷத்தில் அந்தச் சத்தம் கேட்டது. நாலு வயதில் கட்டிலிலிருந்து கேட்ட அதே விசில் சத்தம். ஹ்யூபர்ட் திரும்பிப் பார்த்தார்.

"சர் லயனல், அந்த மருந்தக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"ஊர்வலம் போனதும் குடுத்துடலாம் பிரபு."

"தயவுசெஞ்சு."

"இன்னும் நாப்பதே நிமிஷம்."

வினிஃப்ரெட்டுக்கு முழங்கால் மடங்கியது.

"முடியாது!" என்று கத்தினார் ஹ்யூபர்ட். "குடுய்யா அத இங்க!"

அவருடைய எழுபத்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. குடைகளெல்லாம் ஒருமுறை ஆடின. திண்டிலிருந்து மருந்தைப் பிடுங்கி மகள் வாயில் வைத்தார். தன் சடங்கு மேலங்கியைக் கழற்றி அவள் தலைக்குமேல் இரண்டு கையாலும் கூரை மாதிரி பிடித்துக்கொண்டார். அவள் மூன்று முறை உறிஞ்சினாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. அரசரின் வண்டி வந்தது, போனது. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கையுறை அசைந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. ஹ்யூபர்ட் மகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார். சர் லயனல் வழியில் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதே இல்லை.

"மேலங்கிக்குக் கீழ இருந்த நேரம் கணக்குல சேராது பிரபு. அவங்க பங்கு பாக்கி நிக்குது. இன்னைக்கு ஆகலன்னா அடுத்த வாரம் தனியா வரவழைக்கணும்."

ஹ்யூபர்ட் மகளைப் பார்த்தார். மேலங்கியை அவள் தோளில் நன்றாகச் சுற்றிவிட்டார். "நீ போய்க் கார்ல உக்காரு" என்றார்.

"அப்பா, வேண்டாம்ப்பா, வாங்க போயிடலாம்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாணென்ன முழமென்னம்மா. போ."

சட்டையோடு இன்னும் ஒரு மணி நேரம் நின்றார். செயலாளர் எழுதிக்கொண்டார்: 'பிரபு வாரிசின் பங்கையும் விரும்பி ஏற்று, மேலங்கியின்றி நனைந்தார். இவ்வளவு ஆர்வத்தை இந்த அலுவலகம் இதற்குமுன் கண்டதில்லை.'

நிமோனியாவில் ஒன்பது நாள் கிடந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு மகளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஒரு வழியா முடியாதுன்னு சொல்லிட்டேன், பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. சத்தமாவே சொன்னீங்க."

"நீயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"என்ன மாதிரி லேட் பண்ணாத."

அன்று சாயங்காலம் ஹ்யூபர்ட் இறந்துபோனார். வினிஃப்ரெட் அழுது முடித்து, அன்றே உட்கார்ந்து ஒரே வரியில் கடிதம் எழுதினாள்: 'நான் மழைதாங்கி இல்லை, ஒருநாளும் ஆகமாட்டேன்.' நன்றி, வருத்தம், மதிப்பிற்குரிய என்று எதுவும் அதில் இல்லை. தன் கையாலேயே தபாலில் போட்டாள். பதில் வரவில்லை.

அடக்கத்தன்று ஊர்த் தேவாலய வாசலில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். அரசரின் அனுதாபத்தைத் தெரிவிக்க அரண்மனையிலிருந்து ஒரு கோச்சு வண்டி வந்திருந்தது. திரை இறக்கிய காலி வண்டி. பெரிய மனிதர் சாவுக்கு அரசர் வராமல் வண்டியை மட்டும் அனுப்புவது அங்கே பழைய வழக்கம். கூடவே சர் லயனலும் வந்திருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை வந்தார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

சர் லயனல் குடையை விரித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தினார். பெட்டி நின்றது.

"மன்னிக்கணும்," என்றார் வினிஃப்ரெட்டிடம். "அரசரோட வண்டிமேல மழை விழுது."

"வண்டி காலி."

"வண்டி வந்தா அரசர் வந்த மாதிரி. மழைய யாராவது தாங்காம சடங்கு தொடரக்கூடாதும்மா. நீங்க தொப்பியக் கழட்டி அப்படி ஓரமா நின்னீங்கன்னா இவங்க உள்ள போயிடுவாங்க."

"முடியாது. என் கடிதம் கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுது. ரொம்ப உருக்கமா இருந்துது. நாங்க காத்திருக்கோம், அவசரமில்ல."

காத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் சத்தம் போடுவார்களா? பாதிரியார் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமதி பாப்ஜாய் மட்டும், "இதென்ன அக்கிரமம், பொணத்த நனையவுடறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்றாள். நாலு பேர் அவளைத் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

மழை வலுத்தது. பெட்டி மூடியிலிருந்து தண்ணீர் வழிந்து, சுமந்தவர்களின் பிடரிக்குள் இறங்கியது. முன்னால் இடதுபக்கம் நின்ற கிழவர் கேட்லி பாரம் தாங்காமல் காலை மாற்றி ஊன்றினார். பெட்டி கொஞ்சம் சாய்ந்தது. அவர் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு வினிஃப்ரெட்டைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"எங்களப் பத்திக் கவலப்படாதம்மா. நீ நிதானமா யோசி. நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் சமாளித்திருப்பாள். கறுப்புத் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். கையை விரித்தாள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள். "உங்களையெல்லாம் காக்க வச்சுட்டேன்."

சர் லயனல் தலைவணங்கினார். பெட்டி உள்ளே போனது. பின்னாலேயே கூட்டமும் குடைகளை மடக்கிக்கொண்டு உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள். அப்பாவுக்காகப் பாடிய பாட்டை வினிஃப்ரெட் சுவருக்கு வெளியே நின்று கேட்டாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. மார்பில் விசில் தொடங்கியிருந்தது.

திருமதி பாப்ஜாய் உள்ளே போகவில்லை. விதிப்படி வினிஃப்ரெட் கையில் இருக்கக்கூடாத இன்ஹேலரைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்காரனிடம் ஓடினாள். குதிரைகளை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு, அவன் தார்ப்பாய்க்குள் சுருண்டு உட்கார்ந்து பைப்பில் புகைபிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். இந்த வண்டி இங்க நிக்கறவரைக்கும்தான அந்தப் பொண்ணு நனையணும்? சட்டுனு ஓட்டிக்கிட்டுப் போயிடேன்."

"எனக்கும் பாவமாத்தாம்மா இருக்கு," என்றான் வண்டிக்காரன். "மழ விட்டதும் கெளம்பிடுவேன். மழையில குதிரைங்க நனையக்கூடாதுன்னு உத்தரவு."